பனைமரக் கூட்டுக்குள் பவர் பேங்க்: விசுவமடுவில் இருந்து பாரிஸுக்கு அனுப்புவதற்கு முன்

விசுவமடுவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வைரம் பாய்ந்த பனைமரத்தை இழைத்துக் கூடு செய்து, அதற்குள் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்கள் நான்கை வைத்து, 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் தயாரிக்கிறார். கூட ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். பாரிஸில் லா சப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணன் முறையான ஒருவர் முதலில் 500 அனுப்பச் சொல்லியிருக்கிறார். அது விற்றால் அடுத்தது சென்னை, பிறகு டொரொன்டோ. தங்கச்சியின் முக்கியமான கேள்விகள் மூன்று: என்னென்ன பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், எங்கே எடுப்பது, 500-ஐயும் செய்து முடித்த பிறகு எடுத்தால் போதுமா?

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போதாது. செய்து முடித்த பிறகு சான்றிதழுக்குப் போனால் அந்த 500-உம் விசுவமடுவிலேயே கிடக்கும். பரிசோதனைக் கூடம் பார்ப்பது ஒரு குறிப்பிட்ட வடிவமைப்பை: இந்தச் செல், இந்தச் சுற்று அட்டை, இந்த உறை, இந்தத் தொகுப்பு. அதில் ஒன்றை மாற்றினால் கையில் இருக்கும் தாள் வேறு ஒரு பொருளுக்கு உரியதாகிவிடும். ஆகவே எந்தச் செல்லை வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்யும் நாளிலேயே சான்றிதழ் வேலை தொடங்கிவிடுகிறது.

நான் கொழும்பில் ஒன்பது ஆண்டுகள் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் அபாயகரப் பொருட்களுக்கான மேசையில் இருந்தேன். இப்போது வவுனியாவில் பற்றரி திருத்தும் வேலையும் இளையவர்களுக்குப் பயிற்சியும். இந்தப் பொருளை நேசிக்கும் காரணமும் எனக்கு உண்டு. மின்கம்பி இல்லாத வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட மண்ணில் இருந்து மின்சாரத்தைச் சேமிக்கும் ஒரு பொருள் வெளிநாட்டுக்குப் போகிறது என்றால் எனக்கு அது சாதாரண வியாபாரச் செய்தி இல்லை. அதனால்தான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் செல். கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிய ஒரு பவர் பேங்கைச் சென்ற மாதம் பயிற்சிக்காகப் பிரித்தோம். மேலே 20,000 என்று அச்சிட்டிருந்தது. உள்ளே ஐந்து செல்கள், எல்லாம் பளபளப்பான நீல உறையில். ஒன்றின் உறையை நகத்தால் கீறினால் அடியில் இன்னோர் உறை, பச்சை நிறத்தில். எதிர்முனைத் தட்டில் முன்பு ஒருமுறை நிக்கல் பட்டி ஒட்டிப் பிய்த்த நான்கு புள்ளிகள். பழைய மடிக்கணினிப் பற்றரியில் இருந்து கழற்றிய செல்லுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். இன்னொன்றைத் தராசில் வைத்தபோது 31 கிராம் காட்டியது. நல்ல 18650 செல் 45 கிராம் அளவில் இருக்கும். இந்த அளவுடைய செல்லில் இன்று பரவலாகக் கிடைக்கும் உச்சக் கொள்ளளவே ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர் மணிதான். 9,900 என்று அச்சிட்ட செல்லை யாராவது நீட்டினால் விலையைக்கூடக் கேட்காதீர்கள்.

நீங்கள் வாங்க வேண்டியது, தயாரிப்பாளரின் பெயரும் மாதிரி எண்ணும் உறையில் தெளிவாக இருக்கும் புதிய செல். அதை விற்பவரிடம் இரண்டு ஆவணங்களைக் கேளுங்கள். ஒன்று ஐஇசி 62133-2 பரிசோதனை அறிக்கை. கையில் எடுத்துச் செல்லும் லித்தியம் செல்களுக்கும் பற்றரிகளுக்கும் உரிய சர்வதேசப் பாதுகாப்புத் தரம் அது. மற்றது, லித்தியம் பற்றரிப் போக்குவரத்துக்கு ஐக்கிய நாடுகள் வகுத்த யூஎன் 38.3 பரிசோதனையின் சுருக்கம். சுருக்கத்தைக் கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. "இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன்" என்பவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். அறிக்கையில் உள்ள மாதிரி எண்ணையும் செல்லின் மேல் உள்ள எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

எழுத்துக்கு எழுத்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மேசைக்கு வந்த ஒரு சரக்கில் 42 பெட்டிகள். அறிக்கையில் மாதிரி எண்ணின் கடைசியில் ஒன்றும் இல்லை. பெட்டியில் ஒட்டிய லேபலில் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. "நிறத்தைக் குறிக்கும் எழுத்துத்தான் ஐயா, உள்ளே ஒன்றுதான்" என்று அனுப்பியவர் மன்றாடினார். அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் களஞ்சியத்தில் நிற்பவர் தாளைத்தான் நம்ப முடியும். புதிய கடிதம் வரும்வரை பெட்டிகள் அப்படியே கிடந்தன. அவர் பிடித்திருந்த பண்டிகைக் காலச் சந்தை முடிந்துவிட்டது.

இனி யூஎன் 38.3. ஏற்றுமதிக்கு முதல் வாசல் இதுதான். பாரிஸ், சென்னை, டொரொன்டோ எங்கே போனாலும், கப்பலோ விமானமோ எதில் போனாலும் இது இல்லாமல் லித்தியம் பற்றரி நகர முடியாது. ஐக்கிய நாடுகளின் பரிசோதனைக் கையேட்டில் 38.3 என்ற பிரிவில் எட்டுப் பரிசோதனைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதைப் போல 11.6 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஆறு மணி நேரம் வைப்பார்கள். பிறகு 72 பாகை வெப்பத்தில் ஆறு மணி நேரம், உடனே பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை குளிரில் ஆறு மணி நேரம். இப்படிப் பத்துத் தடவை. இந்த ஒன்றுக்கே ஐந்து நாட்களுக்கு மேல் போய்விடும். அதே பற்றரியை எடுத்து மூன்று திசைகளிலும் திசைக்கு மூன்று மணி நேரம் அதிர விடுவார்கள். பின் இடித்து அதிர்ச்சி கொடுப்பார்கள். அதன் பிறகு 57 பாகைச் சூட்டில் இரு முனைகளையும் நேரே இணைப்பார்கள். அப்போதும் வெளிப்புறச் சூடு 170 பாகையைத் தாண்டக்கூடாது, உடையக்கூடாது, தீப்பிடிக்கக்கூடாது. முழுப் பற்றரிக்கு அளவுக்கு மீறிய மின்னேற்றமும், தனிச் செல்லுக்கு நசுக்குதலும் வலிந்த மின்னிறக்கமும் தனியாக இருக்கின்றன. 18650 அளவுச் செல்லின் மேல் 15.8 மில்லிமீற்றர் கம்பியை வைத்து, 9.1 கிலோ எடையை 61 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து போடுவார்கள். மின்னேற்றப் பரிசோதனைக்குப் பிறகு ஏழு நாட்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே யாராவது "மூன்று நாளில் யூஎன் 38.3 எடுத்துத் தருகிறேன்" என்றால் அந்தத் தாளுக்குப் பின்னால் பரிசோதனை நடக்கவில்லை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செல்லுக்கு அறிக்கை இருப்பதால் பவர் பேங்குக்கும் இருப்பதாக ஆகிவிடாது. நான்கு செல்களை இணைத்துப் பாதுகாப்பு அட்டை பொருத்தியவுடன் அது புதிய பற்றரி. தனிச் செல்லுக்கு உரிய பரிசோதனைகளைச் செல் தயாரிப்பாளர் செய்திருந்தால் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மற்றவற்றை உங்கள் பவர் பேங்கின் பெயரில் செய்ய வேண்டும். அதோடு, நீங்கள் நான்கு செல்களையும் பக்க இணைப்பில் (நேர்முனைகள் ஒன்றாக, எதிர்முனைகள் ஒன்றாக) வைத்திருக்கிறீர்கள். ஒரு செல் பழுதானால் மற்ற மூன்றும் தங்கள் மின்னோட்டத்தை அதற்குள் கொட்டும். அதைத் தடுக்கும் உருகியோ வேறு வழியோ இருக்க வேண்டும் என்பது போக்குவரத்து விதியிலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் நான்கு செல்களும் நிக்கல் பட்டியால் நேரடியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. செல்லுக்கு ஓர் உருகிக் கம்பி வையுங்கள். பரிசோதனைக்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

பட்டறையில் தர ஒழுங்கு முறை ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. அது பெரிய சான்றிதழாக இருக்கத் தேவையில்லை. எந்தத் தொகுதிச் செல், யார் இணைத்தது, எந்த நாள், எத்தனை வோல்ட், எது நிராகரிக்கப்பட்டது என்று ஒரு பதிவேடு. உங்கள் ஐந்து பேரில் கையெழுத்து அழகாக இருக்கும் ஒருவரிடம் இதை ஒப்படையுங்கள்.

அடுத்தது உங்கள் பனைமரக் கூடு. இதில்தான் உங்களுக்கு மனம் நோகும்படி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தைப் பார்த்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. கறுப்பு ரேகை ஓடும் அந்த மரத்தின் அழகு பிளாஸ்ரிக்கில் வராது. ஆனால் மரம் எரியும். பாவனையாளர் மின்னணுப் பொருட்களுக்கான ஐஇசி 62368-1 தரம், உள்ளே தீ பிடித்தால் வெளியே பரவாமல் தடுக்கும் உறையைக் கேட்கிறது. சுடர் எடுக்கப்பட்டதும் தானே அணைந்துவிடும் வகைப் பொருள் அதற்கு வேண்டும். பிளாஸ்ரிக் விற்பவர்கள் அதை வி-0, வி-1 என்ற தரக் குறியால் சொல்வார்கள். ஆகவே செல்களும் அட்டையும் வி-0 பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருக்கட்டும். பனைமரம் அதற்கு மேல் சட்டையாக வரட்டும். செல் வாயுவை வெளிவிட நேர்ந்தால் அது போவதற்கு வழி விடுங்கள். மரத்தால் இறுக்கி அடைத்த பெட்டி, வெடிக்கும் பெட்டி.

ஐரோப்பாவுக்கு என்ன தேவை என்பது பெரிய பகுதி. "சிஇ சான்றிதழ் எங்கே எடுப்பது" என்று கேட்டிருந்தீர்கள். சிஇ என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பொருள் அங்குள்ள விதிகளுக்கு அமைந்தது என்று காட்டும் குறி. உங்கள் பொருளைப் பொறுத்தவரை அது ஓர் அலுவலகம் எடுத்துத் தரும் சான்றிதழ் அல்ல. பரிசோதனைகளைச் செய்வித்து, ஆவணக் கோவையைக் கட்டி, "இது விதிகளுக்கு அமைந்தது" என்று தயாரிப்பாளர் தன் கையெழுத்தில் பிரகடனம் செய்து, அதன்பிறகு குறியை ஒட்டுவது. கோவையைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு "சிஇ சான்றிதழ்" என்று பொன்னிற ஓரமிட்ட தாள் தருகிறவர்கள் இணையம் முழுக்க இருக்கிறார்கள். பொறுப்பு அவர்களுக்குப் போகாது. உங்களிடமும், இறக்குமதி செய்யும் அந்த அண்ணனிடமுமே நிற்கும்.

பிரகடனத்துக்குள் வர வேண்டியவை இவை. மின்காந்த இடையூறு பற்றிய 2014/30 பணிப்புரை: உங்கள் பவர் பேங்கில் மின்னழுத்தத்தை மாற்றும் அட்டை பக்கத்து வானொலியைக் குழப்பக்கூடாது, இதற்கு ஆய்வுகூட அறிக்கை வேண்டும். அபாயகரப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் 2011/65 பணிப்புரை. 2024 பெப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய 2023/1542 பற்றரி ஒழுங்குவிதி: இதன்படி 2024 ஓகஸ்ட் 18 முதல் பற்றரிக்கும் சிஇ குறி வேண்டும், 2025 ஓகஸ்ட் 18 முதல் குறுக்கே கோடிட்ட குப்பைத் தொட்டிச் சின்னமும் வேண்டும். தாழ்மின்னழுத்தப் பணிப்புரை நேர்மின்னோட்டத்தில் 75 வோல்ட்டுக்கு மேல்தான் தொடங்குகிறது. 5 வோல்ட் தரும் உங்கள் பொருளுக்கு அது பொருந்தாது. அதற்காகப் பாதுகாப்பைக் கேட்க ஆளில்லை என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குவிதி கேட்கிறது. முன்சொன்ன 62368-1, 62133-2 அறிக்கைகள்தான் அதற்கு உங்கள் பதில். கம்பியில்லா மின்னேற்றம் வைத்தால் வானொலிச் சாதனப் பணிப்புரையும் சேர்ந்துகொள்ளும். முதல் மாதிரியில் அதை வைக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பொருளில் இருக்க வேண்டும். பிரான்ஸில் பாவித்த பற்றரிகளைச் சேகரிக்கும் திட்டத்திலும் அவர் பதிய வேண்டும். அண்ணன் "நான் கடைதான் வைத்திருக்கிறேன், இதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று சொல்லக்கூடும். அப்படியானால் அவர் வாங்கி விற்பவர் மட்டுமே. இறக்குமதியாளராக வேறொருவரைத் தேடுங்கள். உறவு என்பதற்காக இதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நாளை ஒரு வீட்டில் தீப்பிடித்தால் பொலிஸ் அவர் கடைக் கதவைத்தான் தட்டும்.

2011/65 பணிப்புரை சொல்லும் அபாயகரப் பொருள் என்றவுடன் ஏதோ பெரிய இரசாயனத்தை நினைக்காதீர்கள். உங்கள் மேசையில் இருக்கும், பற்றவைக்கும் ஈயக்கம்பிச் சுருளைப் பாருங்கள். லேபலில் 60/40 என்றோ 63/37 என்றோ இருக்கும். இரண்டாவது எண் ஈயத்தின் பங்கு, நூற்றுக்கு 40 அல்லது 37. ஐரோப்பிய விதி ஒரே சீரான பொருளில் அனுமதிக்கும் ஈயம் நூற்றுக்கு 0.1. ஒரு துளி பற்றவைப்பும் தனிப் பொருளாகவே கணக்கிடப்படும். அதாவது உங்கள் பெண்கள் எவ்வளவு நேர்த்தியாகப் பற்றவைத்தாலும், அந்தச் சுருளால் பற்றவைத்த எதுவும் பாரிஸுக்குப் போக முடியாது. வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சேர்ந்த ஈயமில்லாக் கம்பி கொழும்பில் மின்னணுப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். 63/37 கம்பி 183 பாகையில் உருகும். இது 217 பாகைக்கு மேல்தான் உருகும். கை பழகச் சில நாட்கள் எடுக்கும், பற்றவைத்த இடமும் பழைய மாதிரி மினுங்காது. மங்கலாக இருக்கிறதென்று பயந்து மறுபடி மறுபடி சுடவைக்க வேண்டாம். செல்லின் மேல் நேரடியாக ஒருபோதும் சூடு வைக்காதீர்கள். நிக்கல் பட்டியைப் புள்ளி வெல்டிங்கில் ஒட்டி, பட்டியின் மறுமுனையில் பற்றவையுங்கள். பழைய சுருளையும் அந்த முனைகளையும் ஏற்றுமதி மேசையில் இருந்து முற்றாக அகற்றிவிடுங்கள். பழைய முனையில் ஒட்டியிருக்கும் ஈயமே புதிய பற்றவைப்பைக் கெடுத்துவிடும்.

சென்னைக்கு வழி வேறு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவில் பவர் பேங்கும் இருக்கிறது, உள்ளே உள்ள செல்லும் இருக்கிறது. செல்லுக்கு ஐஎஸ் 16046, பவர் பேங்குக்கு அதற்கென வேறு தரம். அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடத்தில் பரிசோதிக்க வேண்டும். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இந்தியாவில் அதிகாரம் பெற்ற பிரதிநிதி வேண்டும். ஏற்கெனவே பதிவான செல்லை வாங்கினால் வேலை பாதியாகிவிடும். அமெரிக்காவில் பவர் பேங்குக்கென்றே யூஎல் 2056 என்ற தரம் இருக்கிறது. சட்டத்தைவிட அங்கே இணைய விற்பனைத் தளங்களும் காப்புறுதி நிறுவனங்களும்தான் அதை வற்புறுத்துகின்றன. கனடாவிலும் பெரிய கடைக்காரர்கள் வடஅமெரிக்கக் குறியைத்தான் கேட்பார்கள். இந்த இரண்டையும் பாரிஸ் முடிந்த பிறகு பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்று நாட்டுக் கோவையைத் திறந்தால் ஒன்றும் முடியாது. சீனாவின் 3சி குறி செல்லிலோ அட்டையிலோ இருந்தால் நல்லது. ஆனால் அது சீனச் சந்தைக்கு உரியது, பாரிஸில் அதைக் காட்டி நுழைய முடியாது.

எங்கே பரிசோதிப்பது? ஆய்வுகூடத் தகுதிக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, அந்த அங்கீகாரத்தின் எல்லைக்குள் இந்தத் தரத்தின் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். கேபிளைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற இடம் பற்றரியைச் சோதித்துத் தரும் தாளுக்கு மதிப்பில்லை. கொழும்பில் விசாரித்துவிட்டு, இந்தியா, சிங்கப்பூர், சீனாவில் உள்ள கூடங்களிடமும் விலை கேளுங்கள். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதியும்போது, சிறு தொழில் முயற்சிகளுக்குப் பரிசோதனைச் செலவில் உதவி ஏதும் இருக்கிறதா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து சொல்வதில்லை.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பரிசோதிக்கப்படாத பற்றரியை அனுப்பக்கூடாது. ஆனால் பரிசோதிக்க வேண்டுமானால் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முன்மாதிரிகளுக்கென்று விசேட ஏற்பாடு உண்டு. விமானத்தில் என்றால் அனுப்பும் நாட்டின் அதிகாரியிடம், நமக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம், முன்கூட்டியே அனுமதி பெற்றுச் சரக்கு விமானத்தில் மட்டும் அனுப்பலாம். கடலில் அதற்கெனப் பொதியிடும் விதி தனியாக இருக்கிறது. "மாதிரிதானே, நாலைந்து துண்டு" என்று யாருடைய பயணப்பையிலாவது திணித்து அனுப்பும் எண்ணம் வரும். வேண்டாம் தங்கச்சி.

2010 செப்டெம்பர் 3 அன்று டுபாயில் இருந்து கிளம்பிய யூபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று தீப்பிடித்து விழுந்தது. சரக்கில் லித்தியம் பற்றரிகள் இருந்தன. விமானி அறை முழுக்கப் புகை. கருவிகளைக்கூடப் பார்க்க முடியாமல் இரண்டு விமானிகளும் இறந்தார்கள். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் புறப்படுமுன்பே, மேலே பை வைக்கும் பெட்டியில் இருந்து தீப்பற்றி எரிந்தது. விசாரணை ஒரு பவர் பேங்கைச் சுட்டியது. தரையில் நின்றதால் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். கொழும்பு மேசையில் இருந்த ஒவ்வொரு நாளும் டுபாய் விமானம் என் நினைவில் இருந்தது.

அனுப்பும் வழிக்கு வருகிறேன். பவர் பேங்கைச் சிலர் "சாதனம்" என்று அறிவிக்கிறார்கள். தவறு. அது பற்றரியாகவே கணக்கிடப்படும். அதற்கு ஐக்கிய நாடுகளின் அபாயகரப் பொருள் எண் யூஎன் 3480. தனியாக அனுப்பப்படும் இந்தப் பற்றரிகள் 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போக முடியாது. சரக்கு விமானத்தில் மட்டும், அதுவும் மின்னேற்றம் நூற்றுக்கு 30-ஐத் தாண்டாமல். உங்கள் கணக்கு: 2,600 மில்லி ஆம்பியர் மணிச் செல் நான்கு, 3.7 வோல்ட், ஆக உள்ளே சேமிக்கப்படும் ஆற்றல் 38.5 வாட் மணி. ஒரு பெட்டிக்கு அதிகபட்சம் பத்துக் கிலோ. ஒன்று 300 கிராம் என்றால் பெட்டிக்கு 33. 500-க்குப் பதினாறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அபாயகரப் பொருட்களின் 9-ஆம் வகுப்பைக் காட்டும் லித்தியம் லேபல், லித்தியம் பற்றரிக் குறி, சரக்கு விமானத்துக்கு மட்டும் என்ற லேபல். அபாயகரப் பொருள் பிரகடனத்தில் பயிற்சி பெற்றவரின் கையெழுத்து. தபாலில் பவர் பேங்கை விமான மார்க்கமாக அனுப்பவே முடியாது.

என் யோசனை கப்பல். 100 வாட் மணிக்கு உட்பட்ட பற்றரிக்குக் கடல் விதிகளில் 188-ஆம் இலக்க விசேட ஏற்பாடு சலுகை தருகிறது: யூஎன் 38.3 முடித்திருக்க வேண்டும், மேற்புறத்தில் வாட் மணி அச்சிட்டிருக்க வேண்டும், முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் பொதியிட வேண்டும், பெட்டி 1.2 மீற்றர் உயரத்தில் இருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், 30 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, பற்றரிக் குறி வேண்டும். இருந்தாலும் கப்பல் நிறுவனம் முழு ஆவணமும் கேட்கும், மறைக்காமல் கொடுங்கள். சுங்கத்துக்கு 8507.60 என்ற தலைப்பில் அறிவியுங்கள். சோளகக் காலத்தில் ஏ-9 வீதியில் தகரம் மூடிய லொறிக்குள் பெட்டிகள் வெந்துபோகும். இரவில் ஏற்றி விடியுமுன் கொழும்பில் இறக்குங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திரும்புகிறவர்களிடம் ஆளுக்குப் பத்தாகக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பதிவுப் பையில் பவர் பேங்க் போடவே கூடாது. கைப்பையிலும் அது அவரவர் சொந்தப் பாவனைக்கு மட்டும். எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் பயணிக்கு ஒன்றுதான் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. விற்பனைப் பொருளைச் சொந்தப் பொருள் என்று சொல்ல வைத்து, ஓர் அம்மாவைக் கட்டுநாயக்கவில் அதிகாரி முன் நிறுத்தாதீர்கள்.

கொள்ளளவைப் பற்றியும் ஒன்று. கடைக்கார அண்ணன் "20,000 என்று போட்டால் விற்கும்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். பற்றரிக்குள் இருப்பது 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். 10,400 மில்லி ஆம்பியர் மணி 5 வோல்ட்டுக்கு மாறும்போது இழப்பே இல்லாவிட்டாலும் 7,700 அளவுதான் வரும். அட்டையின் இழப்பும் போக இன்னும் குறையும். செல்லின் கொள்ளளவு, 5 வோல்ட்டில் கிடைப்பது, வாட் மணி மூன்றையும் மரத்திலேயே எரித்துப் பதியுங்கள். அப்படி உண்மையைச் சொல்லும் பவர் பேங்க் சந்தையில் குறைவு. வாங்குபவர் அதைக் கவனிப்பார்.

இவ்வளவும் கேட்டு மனம் தளர வேண்டாம். இந்த ஆண்டே பாரிஸில் பெயர் பதிய ஒரு வழி இருக்கிறது. சிஇ கோவையும் யூஎன் 38.3-உம் உள்ள ஒரு தயாரிப்பாளரின் பவர் பேங்கை ஐரோப்பாவிலேயே அந்த அண்ணன் வாங்கட்டும். அதன் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் பனைமரச் சட்டையை மட்டும் நீங்கள் செய்து அனுப்புங்கள், கழற்றி மாட்டும்படி, வெப்பம் போக இடைவெளி விட்டு. சட்டைக்குள் பற்றரி இல்லை; 9-ஆம் வகுப்பு இல்லை; சாதாரணச் சரக்காகப் போகும். அந்த வருமானத்தில் உங்கள் சொந்த வடிவமைப்பைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உங்கள் பட்டறையில் எவரும் போட்டி போட முடியாத திறமை அந்த மரவேலை. அது காத்திருக்க வேண்டியதில்லை.

புதிய செல்களுக்குப் பணம் கட்டுமுன் வவுனியாவுக்கு ஒரு தடவை வாருங்கள். இணைக்காத செல் இரண்டு, செய்து முடித்த பவர் பேங்க் ஒன்று, விற்பவர் தந்த தாள்கள், அந்த ஈயக்கம்பிச் சுருள். இவ்வளவும் போதும். தராசும் கொள்ளளவு அளக்கும் கருவியும் என்னிடம் இருக்கின்றன. அளக்க ஒரு முழுப்பகல் எடுக்கும், காலைப் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.